வென்ற தளபதியும் காத்த ஆளுநரும்

களத்தில் வென்றவர் அமைதிக்காலத்தில் எதனால் அளக்கப்படுவார்? 2009இல் போர் ஓய்ந்தபின், கிணற்று நீரை நம்பி வாழை பயிரிடும் நீர்வேலியில் வாழும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய வினா இது. தமிழகத்தின் மருதநாயகம் வாழ்வில் இதற்கு விடையுண்டு.

இராமநாதபுரச் சீமையில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய அவர், கான்சாகிப் யூசுப்கான் எனப் புகழ்பெற்றார். 1758-59இல் சென்னையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளைத் தாக்கிக் கம்பெனிக்குக் கைகொடுத்தார். பூலித்தேவன் முதலிய பாளையக்காரரை அடக்கியதும் அவரே. போர் அவரிடம் வேகத்தையும் கடுமையையும் கேட்டது.

மதுரையை ஆண்டபோதோ ஏரி குளங்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலைப் பேணினார். நவாபோடும் கம்பெனியோடும் முரண்பட்டு 1763இல் எதிர்த்தெழுந்தார். கோட்டை மதில் தாங்கியது, உடனிருந்தோரே காட்டிக்கொடுத்தனர். 1764 ஒக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்.

வென்ற போர்கள் அவரைக் காக்கவில்லை. பாய்ச்சிய நீரும் பேணிய கோயிலுமே அவர் பெயரைக் காக்கின்றன என்பதே நமது துணிபு.