போசன மேசையிற் பிறந்த நன்றிப் பாட்டு

அமெரிக்க நாட்டிலே ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றி செலுத்தும் திருநாளாகக் கொண்டாடப்படுகின்றது. அறுவடை முடிந்து, களஞ்சியம் நிறைந்து, சுற்றத்தார் ஒருங்கிருந்து விருந்துண்ணும் நாள் அது. அந்நாளில் அங்குள்ள தேவாலயங்களில் விரும்பிப் பாடப்பெறும் கீதங்களுள் ஒன்று அமெரிக்கர் இயற்றியதன்று. களஞ்சியம் நிறைந்த காலத்தில் எழுந்ததுமன்று. அதனை இயற்றியவர் ஜேர்மனியிலே சக்சனி நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் றிங்கார்ட் என்னும் போதகர். நிறைந்த பந்தியிலிருந்து அதனைப் பாடுவோர், ஆக்கியோன் இருந்த பந்தி எத்தகையது என்பதையும் அறிந்து பாடுதல் நன்று.

றிங்கார்ட் 1586ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஐலன்பேர்க் என்னும் சிறு நகரிலே பிறந்தார். தந்தையார் மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளர். இளமையிலேயே இசைவன்மை வாய்க்கப்பெற்ற மைந்தர், லைப்சிக் நகரத்துப் புனித தோமா பாடசாலையிற் பாடகர் குழாத்திற் சேர்ந்து பயின்றார். பிற்காலத்தில் பாக் என்னும் இசைப்பேரறிஞர் தலைமை வகித்த இசைக்குழாம் அதுவே. பின்னர் அந்நகரப் பல்கலைக்கழகத்திலே இறையியல் கற்றார்.

1610ஆம் ஆண்டிலே பிறந்த ஊரிற் குருத்துவப் பணி வேண்டி நின்றார். நகரசபையார் இசைந்தனர், திருச்சபை மேலதிகாரி இசைந்திலர். இவர் இறையியலிலும் இசையிலே வல்லவர் என்பது அவர் காட்டிய காரணம். அது குற்றமாயின், அக்குற்றமே இவர் பெயரை இன்றுவரை நிலைநிறுத்தியது என்க. லூதர் பெருமான் பிறந்த ஐஸ்லேபன் நகரிலே ஆசிரியராகவும், அயலூர்களிற் குருவாகவும் சில ஆண்டுகள் கழித்தபின், 1617இல் ஐலன்பேர்க்கின் குருவானவராய் மீண்டார். மறு ஆண்டே முப்பதாண்டுப் போர் மூண்டது. அவருடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அப்போரே விழுங்கிவிட்டது.

அவர் பாடிய நன்றிப் பாட்டு, 1648ஆம் ஆண்டில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டபோது மகிழ்ச்சி மேலீட்டால் எழுந்தது என்று பலர் எழுதியுள்ளனர். இது பொருந்தாது. குறூகர் என்பார் அமைத்த மெட்டுடன் 1647ஆம் ஆண்டிலேயே பேர்லின் நகரில் அது அச்சேறிவிட்டது. ஆய்ந்தோர் அதனை இன்னும் முற்பட்டதாக, 1636ஆம் ஆண்டளவினதாகக் கொள்வர். றிங்கார்ட்டின் செபநூலிலே அது பெற்றிருந்த தலைப்பு உணவு மேசைக்குரிய சிறு செபம் என்பதே. வெற்றி விழாவுக்கென்றோ அறுவடை விழாவுக்கென்றோ எழுதப்பட்டதன்று. வீட்டார் நாள்தோறும் உண்டெழுந்து சொல்வதற்கென எழுதப்பட்டது.

அதன் முதலிரு பாக்களும் சீராக்கின் ஞானம் என்னும் நூலின் ஐம்பதாம் அதிகாரத்தைத் தழுவியன. கத்தோலிக்கர் இந்நூலை வேதாகமத்துள் வைத்தெண்ணுவர். நம்மூர்ப் புரட்டஸ்தாந்தர் கையிலுள்ள வேதாகமத்திலோ இது காணப்படாது. தாயின் கரங்களில் இருந்த நாள்தொட்டு இறைவன் செய்த நன்மைகளை நினைந்து முதற் பா நன்றி கூறும். இரண்டாம் பா மகிழ்ந்த உள்ளமும் அமைதியும் வேண்டும். மூன்றாவது திரியேகருக்குத் துதி.

அமைதியை வேண்டிய அப்பாட்டு எழுந்தபின் வந்ததோ 1637ஆம் ஆண்டு. ஐலன்பேர்க் மதில் சூழ்ந்த நகராகலின், படைகளுக்கு அஞ்சிய நாட்டுப்புற மக்கள் அங்கே வந்து குவிந்தனர். அவர்களோடு கொள்ளைநோயும் வந்தது. அவ்வாண்டில் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர் என்பர். திருச்சபை மேலதிகாரி ஊரைவிட்டு அகன்றார்; ஏனைக் குருமார் இறந்தனர். எஞ்சியவர் றிங்கார்ட் ஒருவரே. நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது பேருக்கு அடக்க ஆராதனை நடத்தினார். அவர் அடக்கஞ்செய்தோர் தொகை 4,000க்கு மேற்பட்டது. மே மாதத்திலே தம் மனைவியையும் அவ்வாறே அடக்கஞ்செய்தார். பின்னர்ச் சடங்கெதுவுமின்றி நீண்ட குழிகளிற் பிணங்களைப் புதைக்கவேண்டியதாயிற்று.

நோய் தணியப் பஞ்சம் தொடர்ந்தது. செத்த பூனைக்கும் காகத்துக்கும் தெருவிலே மக்கள் சண்டையிட்டனர். றிங்கார்ட் தம் வீட்டாருக்கு உயிர் தாங்குமளவே வைத்துக்கொண்டு எஞ்சியதை வாயிலில் நின்றோருக்கு வழங்கினார். தம் பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் பின்வரும் ஆண்டுகளின் வருவாயை ஈடுவைத்துக் கடன்பட நேர்ந்தது. உண்டெழுந்து நன்றி கூறும் பாட்டை ஆக்கியவர் வீட்டில் உண்பதற்கிருந்தது அவ்வளவே. துன்பம் நீங்கியபின் நன்றி கூறுதல் எவர்க்கும் எளிது. எந்நிலையிலும் நன்றி செலுத்துமாறு பவுல் அடியார் தெசலோனிக்கேயருக்கு எழுதியது இத்தகைய மேசைக்கும் உரியதன்றோ?

1639ஆம் ஆண்டிலே சுவீடன் படையினர் நகரை வளைத்து 30,000 தாலர் தண்டம் கேட்டனர். றிங்கார்ட் படைத்தலைவனிடம் சென்று இரந்தார், அவன் இரங்கவில்லை. மனிதரிடம் கிடையாத இரக்கத்தை இறைவனிடம் வேண்டுவோம் என்று உடன்வந்தோரை அழைத்து அவ்விடத்திலேயே முழந்தாளிட்டு மன்றாடினார். அதுகண்ட படைத்தலைவன் 2,000 புளோரினோடு அமைந்தான் என்று வரலாறு கூறும்.

ஊரைக் காத்தவருக்கு ஊர் நன்றி பாராட்டியிருக்கும் என்று எண்ணுவோம். நடந்தது வேறு. நகர அதிகாரிகள் பணக் காரியங்களிலும் பிறவற்றிலும் அவரை இறுதிவரை அலைக்கழித்தனர். 1648 ஒக்டோபரில் அமைதி வந்தபோது அவர் வயதுக்கு மிஞ்சிய முதுமையுற்றுத் தளர்ந்திருந்தார். மறு ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள் அவ்வூரிலேயே உயிர் நீத்தார்.

பாட்டோ பல நாடுகளுக்குச் சென்றது. 1757இல் லொய்தன் போர்க்களத்தில் வென்ற பிரசியப் படைவீரர் இரவிலே அதனைப் பாடினர் என்பர். கொலைக்களத்தில் அது ஒலித்தமை எமக்கு உவப்பன்று; போரிடையே அதனை ஆக்கியவருக்கும் உவப்பாயிராது. 1858இல் கதரின் விங்க்வேர்த் அம்மையார் அதனை ஆங்கிலத்தில் ஆக்கினார். அமெரிக்கரின் திருநாளுக்கு அது உரிமையானது அம்மொழிபெயர்ப்பினாலேயே.

அவர் பிறந்து 300 ஆண்டுகள் நிறைந்த 1886ஆம் ஆண்டிலே, ஐலன்பேர்க்கில் அவர் குடியிருந்த வீட்டின் சுவரில் நினைவுக்கல் ஒன்று பதிக்கப்பட்டது.