கெடா வானில் தனியாகப் பறந்த விமானி: ஆர்தர் ஸ்கார்ஃப்

ஜப்பானிய ஆட்சிக்காலத்தை நாம் அனைவரும் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். கோத்தா பாருவில் படை இறங்கியது, சைக்கிள் படை தெற்கே வந்தது, சிங்கப்பூர் விழுந்தது என்று வரிசையாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறோம். ஆனால், அந்தப் போரின் முதல் மூன்று நாட்களில் கெடா வான்வெளியில் என்ன நடந்தது என்பது பாடநூலில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. அந்த மூன்று நாட்களை அறிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கை போதும். அவர்தான் ஆர்தர் ஸ்டூவர்ட் கிங் ஸ்கார்ஃப். மலாயாப் போரில் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையைப் பெற்ற ஒரே விமானப்படை வீரர். அவர் உயிர் பிரிந்த இடம் நம் அலோர்ஸ்டார்.

லண்டனிலிருந்து அலோர்ஸ்டாருக்கு

ஸ்கார்ஃப் 1913 ஜூன் 14-ஆம் நாள் லண்டனின் விம்பிள்டன் பகுதியில் பிறந்தார். அங்குள்ள கிங்ஸ் காலேஜ் பள்ளியில் படித்தார். 1936-இல் பிரிட்டிஷ் அரச விமானப்படையில் சேர்ந்தார். அப்போது ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்துகொண்டிருந்தது. பிரிட்டன் தன் விமானப்படையை அவசரமாகப் பெருக்கிய காலம் அது. பயிற்சி முடித்த ஸ்கார்ஃப், 62-ஆம் எண் ஸ்குவாட்ரனில் விமானியாகப் பணியாற்றினார். 1939-இல் அந்தப் பிரிவு சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது. 1941-இல் அலோர்ஸ்டார் விமானத் தளத்திற்கு வந்து சேர்ந்தது.

அவர் ஓட்டியது பிளென்ஹைம் என்ற இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானம். விமானி, வழிகாட்டி, துப்பாக்கி வீரர் என மூவர் அதில் செல்வார்கள். 1930-களின் நடுவில் வேகமான விமானம் என்று பெயர் வாங்கியதுதான். ஆனால், 1941-க்குள் ஜப்பானின் புதிய சண்டை விமானங்கள் அதை எளிதாக விரட்டிப் பிடிக்கக்கூடிய நிலை வந்துவிட்டது.

அலோர்ஸ்டாரில் ஸ்கார்ஃபுக்குக் குடும்பமும் இருந்தது. அவர் மனைவி சாலி, அந்நகர மருத்துவமனையில் தாதியாக வேலை செய்தார்.

காகிதத்தில் இருந்த பாதுகாப்பு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அன்றைய பிரிட்டிஷ் தற்காப்பு வியூகத்தைப் பார்க்க வேண்டும். அது தெரியாமல் ஸ்கார்ஃபுக்கு நேர்ந்தது புரியாது.

தூரக் கிழக்கில் ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து பெரிய கடற்படை கிளம்பி வரும், அதுவரை சிங்கப்பூர்த் தளம் தாக்குப்பிடிக்கும் என்பது பழைய திட்டம். ஜெர்மனியோடு போர் தொடங்கியதும் அந்தக் கடற்படையை அனுப்ப முடியாமல் போனது. ஆகவே, மலாயாவைக் காக்கும் முதல் பொறுப்பை விமானப்படையிடம் ஒப்படைத்தார்கள். எதிரிக் கப்பல்கள் கரைக்கு வருவதற்கு முன்பே கடலில் வைத்து அவற்றை அழிக்க வேண்டும். அதற்கு வடக்கே விமானத் தளங்கள் வேண்டும். மேற்கில் அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி, பட்டர்வொர்த். கிழக்கில் கோத்தா பாரு, மாச்சாங், கோங் கெடாக் எனத் தளங்கள் உருவாயின.

தளங்கள் வந்தன, விமானங்கள் வரவில்லை. மலாயாவுக்குக் குறைந்தது 336 விமானங்கள் தேவை என்று லண்டனில் இருந்த தலைமைத் தளபதிகளே கணக்கிட்டிருந்தார்கள். போர் தொடங்கிய நாளில் முன்னணியில் இருந்தவை 158 மட்டுமே. அவற்றிலும் பல பழைய வகை. நவீன சண்டை விமானங்கள் மத்திய கிழக்குப் போர்முனைக்கும் சோவியத் யூனியனுக்கும் போய்க்கொண்டிருந்தன. எதிரி விமானம் வருவதை முன்கூட்டியே காட்டும் ரேடார் சிங்கப்பூரைச் சுற்றி மட்டும் இருந்தது. கெடாவுக்கு அந்தக் கண் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் தளங்களைத் தரைப்படையோடு சரியாகக் கலந்து பேசாமலேயே பல இடங்களில் கட்டிவிட்டார்கள். பிறகு, அவற்றைக் காப்பதற்காகத் தரைப்படை சிறு சிறு கூட்டங்களாகச் சிதற வேண்டியதாயிற்று. 11-ஆம் இந்தியப் படைப்பிரிவு ஜித்ராவில் அரண் அமைக்க வேண்டி வந்ததற்கு முக்கியக் காரணம், அலோர்ஸ்டார் விமானத் தளம் அதற்குப் பின்னால் இருந்ததே. அந்தப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப், ஜாட், கூர்க்கா வீரர்கள். சம்பளத்துக்காக ஊர்விட்டு வந்து, யாருடைய சாம்ராஜ்யத்துக்காகவோ நம் மண்ணில் குழி தோண்டி நின்றவர்கள்.

டிசம்பர் 8: தரையிலேயே எரிந்த விமானங்கள்

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி துறைமுகங்களிலும் இறங்கியது. சிங்கோரா என்பது இன்றைய சொங்க்லா. அங்கிருந்து அலோர்ஸ்டாருக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான்.

இந்தத் துறைமுகத்தை ஜப்பானியருக்கு முன்பே போய்ப் பிடித்துக்கொள்ள பிரிட்டனிடம் மாட்டடோர் என்ற திட்டம் இருந்தது. ஆனால், நடுநிலை நாடான தாய்லாந்தில் முதலில் நுழைந்த பழி வருமே என்ற தயக்கத்தில் காலம் கடந்தது. திட்டம் கைவிடப்பட்டது. தாக்குவதற்குத் தயாராகக் காத்திருந்த படை, மழையில் ஜித்ராவுக்குத் திரும்பி, முடிக்கப்படாத, தண்ணீர் நிரம்பிய பதுங்கு குழிகளில் இறங்கியது.

அதே நாள் காலையில் ஸ்கார்ஃபின் ஸ்குவாட்ரன் தாக்குதலுக்குச் சென்று அலோர்ஸ்டாருக்குத் திரும்பியது. விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேல் வந்தன. முன்னெச்சரிக்கை இல்லை, மேலே காவல் விமானமும் இல்லை. வானில் சண்டையிட வேண்டிய விமானங்கள் தரையில் நின்றபடியே எரிந்தன. சுங்கைப்பட்டாணியிலும் அன்று இதே கதைதான். மிஞ்சியவை பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கின.

டிசம்பர் 9: ஒரே ஒரு விமானம்

மறுநாள், பட்டர்வொர்த்தில் பறக்கக்கூடிய நிலையில் இருந்த எல்லாக் குண்டுவீச்சு விமானங்களும் சேர்ந்து சிங்கோராவைப் பகலிலேயே தாக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அங்கே ஜப்பானியர் அமைத்துக்கொண்ட முன்னணி விமானத் தளம்தான் குறி. ஸ்கார்ஃபின் விமானம் முதலில் மேலே எழும்பியது. அவருடன் இருந்தவர்கள் கால்டர், ரிச் என்ற இருவர். சில விநாடிகளில் ஜப்பானிய விமானங்கள் தளத்தின்மீது பாய்ந்தன. கிளம்பத் தயாராக வரிசையில் நின்ற மற்ற விமானங்கள் அனைத்தும் அழிந்தன அல்லது சேதமடைந்தன.

மேலே இருந்த ஸ்கார்ஃப் கீழே பார்த்தார். தன் பின்னால் வர வேண்டியவர்கள் யாரும் வரப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. திரும்பியிருந்தால் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு விமானம் எப்படிப் போதும்? ஆனாலும், அவர் வடக்கே திருப்பினார். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம், துணை விமானம் ஏதுமின்றிப் பறந்து, சிங்கோரா தளத்தின்மீது குண்டுகளை வீசினார்.

அங்கே ஜப்பானியச் சண்டை விமானங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. மலாயா எல்லைவரை துரத்திச் சுட்டன. ஸ்கார்ஃபின் இடது கை சிதைந்தது. முதுகிலும் ஆழமான காயம். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கால்டரும் ரிச்சும் அவர் சாய்ந்துவிடாமல் இருக்கையில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, ஒரு கையால் விமானத்தைச் செலுத்தினார். பட்டர்வொர்த்வரை தாங்காது என்று தெரிந்ததால் அலோர்ஸ்டாரிலேயே இறக்கினார். உடன் இருந்த இருவருக்கும் இறக்கத்தில் ஒரு காயமும் ஏற்படவில்லை.

அவரைக் கொண்டுசென்ற மருத்துவமனை, மனைவி வேலை செய்த அதே மருத்துவமனை. சாலி தம் இரத்தத்தைக் கொடுத்தார். இருந்தும் ஸ்கார்ஃப் அன்றே உயிர் துறந்தார். வயது 28.

விருது உடனே வரவில்லை. சாட்சிகளும் ஆவணங்களும் போரில் சிதறிப்போயின. போர் முடிந்து, 1946 ஜூன் மாதத்தில்தான் விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. சாலி அதைப் பெற்றுக்கொண்டார். ஸ்கார்ஃபின் கல்லறை இன்று தைப்பிங் போர் மயானத்தில் இருக்கிறது.

வீரம் ஈடுகட்ட முடியாதது

ஸ்கார்ஃபின் துணிச்சலில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால், மாணவர்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் துணிச்சலால் என்ன மாறியது? உண்மையைச் சொன்னால், போரின் போக்கு சிறிதும் மாறவில்லை.

டிசம்பர் 9-ஆம் நாளே அலோர்ஸ்டார் தளம் கைவிடப்பட்டது. அங்கே தகர்க்கப்பட்ட எரிபொருளின் புகையையும் வெடிச் சத்தத்தையும் ஜித்ராவில் நின்ற வீரர்கள் முதுகுப்புறமிருந்து பார்த்தார்கள், கேட்டார்கள். எந்தத் தளத்தைக் காக்க நிறுத்தப்பட்டார்களோ, அந்தத் தளமே இல்லை என்று ஆனபின் அவர்கள் சண்டையிட வேண்டியிருந்தது. 10-ஆம் நாள் விமானப் பாதுகாப்பின்றிச் சென்ற பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 11-ஆம் நாள் பினாங்கு ஜார்ஜ்டவுன் மக்கள்மீது குண்டு விழுந்தது. 12-ஆம் நாள் இரவு ஜித்ரா அரண் உடைந்தது. அடுத்து குரூன். ஏறக்குறைய ஒரு வாரத்தில் கெடா முழுவதும் கைமாறியது. ஜப்பானியர் நம் மாநிலத் தளங்களில் பிரிட்டிஷார் விட்டுச்சென்ற எரிபொருளையும் குண்டுகளையும் எடுத்து, அதே தளங்களிலிருந்து தெற்கே பறந்தார்கள். காக்க முடியாத விமானத் தளம் எதிரிக்குக் கொடுத்த பரிசாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

அந்தத் தவறான கணக்கின் விலையைக் கொடுத்தவர்கள் திட்டம் போட்டவர்கள் அல்லர். இரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கே சோறானது. பல்லாயிரம் தமிழர்கள் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். தன்னைக் காக்கும் என்று சொல்லப்பட்ட வெள்ளைக்காரத் துரை முதலில் ஓடியதைப் பார்த்த மக்கள், அதன்பின் பழையபடி அவனை நம்பவில்லை. ஜித்ராவில் தோற்ற படையின் கேப்டன் மோகன் சிங், அலோர்ஸ்டாரில் ஜப்பானியரோடு பேசி இந்திய தேசிய இராணுவத்திற்கு வித்திட்டார். பின்னாளில் நேதாஜியின் அழைப்பை ஏற்றுத் தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் வாசல் திறந்தது, டிசம்பர் 8-ஆம் நாள் காக்கப்படாமல் கிடந்த வானம்.

இன்று

பட்டர்வொர்த் தளம் இன்று அரச மலேசிய ஆகாயப்படையின் முக்கியத் தளம். 1971-இல் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகள் செய்துகொண்ட தற்காப்பு ஏற்பாட்டின் ஒருங்கிணைந்த பகுதிப் பாதுகாப்புத் தலைமையகமும் அங்கேதான் உள்ளது. 2019 டிசம்பரில் நம் நாடு தன் முதல் தற்காப்பு வெள்ளை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. விமானம் வாங்கும் செய்தி வரும்போதெல்லாம் எத்தனை, என்ன விலை என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. அவற்றைப் பழுதுபார்க்க ஆட்கள் இருக்கிறார்களா, எதிரி வருவதைப் பார்க்க ரேடார் இருக்கிறதா, முப்படைகளும் ஒன்றாக அமர்ந்து திட்டமிடுகின்றனவா என்றும் கேட்கப் பழக வேண்டும். வரலாறு, அரசியல், பொறியியல் எதைப் படிப்பவராக இருந்தாலும், வரி கட்டப்போகும் குடிமக்களாக இந்தக் கேள்விகள் நமக்கும் உரியவை.

அடுத்த முறை தைப்பிங் பக்கம் போனால் போர் மயானத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஸ்கார்ஃபின் கல்லறை அங்கே இருக்கிறது. பஞ்சாபிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து மாண்ட வீரர்களின் நினைவும் அதே மண்ணில்தான் இருக்கிறது. தோட்டத்திலிருந்து ரயில் பாதைக்குப் போய் மடிந்த நம் முன்னோரில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. உங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தாவிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பெயர்களையாவது எழுதி வையுங்கள்.