ஷாம்பு பாட்டிலில் ஒரு நண்டுக் கொடுக்கு: யார் இந்த ஆல்ஃபிரெட் வெர்னர்?

உங்க ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. பொருட்கள் பட்டியலில் ‘டைசோடியம் இடிடிஏ’ என்று இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளை நண்டு கொடுக்கால் பிடிப்பது போலப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. இப்படிப் பல இடங்களில் பற்றிப்பிடிக்கும் மூலக்கூறுகளுக்கு ‘கீலேட்’ என்று பெயர். கிரேக்கத்தில் நண்டின் கொடுக்கு என்று அர்த்தம்.

இந்தப் பிடியைப் புரிந்துகொள்ள வழி போட்டவர் ஆல்ஃபிரெட் வெர்னர்.

என்ன புதிர்?

1866-ல் அல்சாஸ் பகுதியின் முலூஸ் நகரில் பிறந்தவர் வெர்னர். சூரிச்சில் படித்து 1890-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது வேதியியலாளர்களைக் குழப்பிய ஒரு விஷயம் இருந்தது. கோபால்ட்டின் இணைதிறன் 3. மூன்று குளோரின் சேர்ந்தாலே கணக்கு முடிந்துவிடும். ஆனால் அதற்கு மேலும் ஆறு அம்மோனியா மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. எப்படி?

டென்மார்க்கின் மூத்த வேதியியலாளர் யோர்கென்சன், அம்மோனியாக்கள் சங்கிலி போலக் கோத்திருப்பதாக நம்பினார். வெர்னர் 1893-ல் வேறு படம் வரைந்தார். நடுவில் உலோகம். அதைச் சுற்றி எண்முகியின் ஆறு மூலைகளில் ஆறு அண்டைவீட்டார். அவ்வளவுதான். நள்ளிரவு தாண்டித் தூக்கத்தில் இந்த யோசனை வந்து, எழுந்து எழுத உட்கார்ந்தார் என்று ஒரு கதை உண்டு.

அப்போது அவருக்கு வயசு 26. கையில் சொந்தப் பரிசோதனை ஆதாரம் ரொம்பக் குறைவு. தன் கொள்கைக்காக அவர் எடுத்துக்காட்டிய சேர்மங்களில் பலவும் யோர்கென்சன் செய்தவை.

18 வருஷப் போராட்டம்

வெர்னர் சொல்வது சரி என்றால், கோபால்ட்டோடு நான்கு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் சேர்ந்த அயனிக்கு இரண்டு வடிவங்கள் இருக்கணும். பச்சை நிறத்தில் ஒன்றுதான் தெரிந்திருந்தது. இன்னொன்று எங்கே என்று யோர்கென்சன் கேட்டார். 1907-ல் வெர்னர் அந்த ஊதா நிற வடிவத்தைத் தயாரித்துக் காட்ட, யோர்கென்சன் ஒப்புக்கொண்டார்.

எண்முகிக்கு நேரடி ஆதாரம் இன்னும் பாக்கி. இங்கேதான் கொடுக்கு வருகிறது. எத்திலீன்டையமீன் என்ற மூலக்கூறுக்கு இரு முனையிலும் நைட்ரஜன் உண்டு. இரண்டு கையாலும் உலோகத்தைப் பிடிக்கும். அப்படி இரண்டு மூலக்கூறுகள் கோபால்ட்டின் அடுத்தடுத்த மூலைகளைப் பிடித்தால், வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் வரணும். அவை முனைவுற்ற ஒளியை எதிரெதிர்த் திசையில் திருப்பணும். 1911-ல் வெர்னரும் அவருடைய அமெரிக்க மாணவர் விக்டர் கிங்கும் இரண்டையும் பிரித்தெடுத்தார்கள்.

1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளியைத் திருப்புவது அதிலுள்ள கார்பன்தான் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, 1914-ல் கார்பனே இல்லாத சேர்மத்தில் அதைச் செய்து காட்டினார்.

பெயர் வந்தபோது ஆள் இல்லை

1919 நவம்பரில், 52 வயதில் வெர்னர் இறந்தார். ‘கீலேட்’ என்ற சொல்லை மார்கன், ட்ரூ என்ற இருவர் உருவாக்கியது அடுத்த வருஷம், 1920-ல். இடிடிஏ வந்தது 1930-களில். அதற்கு இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் என ஆறு பிடிகள். வெர்னர் சொன்ன ஆறு மூலைகளையும் ஒரே மூலக்கூறு பிடித்துவிடும். ஒரு பிடி நழுவினாலும் மற்றவை விடாது. அதனால்தான் இவ்வளவு உறுதி. ஈய நஞ்சுக்கான சிகிச்சையில் கால்சியம் இடிடிஏ பயன்படுவதும் இதே காரணத்தால்தான்.

காலேஜ் லேபில் தண்ணீரின் கடினத்தன்மையை இடிடிஏ வைத்து அளந்தது ஞாபகம் இருக்கா? அந்த முறையை 1940-களில் உருவாக்கியவர் ஷ்வார்சன்பாக். அவர் வேலை செய்தது, வெர்னர் பாடம் எடுத்த அதே சூரிச் பல்கலைக்கழகத்தில்!