பந்து பந்தா ட்ரிபில்கள்... அதை அள்ளிய கையில் ஒரு விரல் இல்லை!

கையில் அடங்குகிற சைஸில் ஒரு ஃபர் பந்து. கண் கிடையாது, கால் கிடையாது. தடவிக்கொடுத்தால் பூனை மாதிரி உறுமும். சாப்பாடு கிடைத்தால் குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். பேரு ட்ரிபில்.

1967 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் என்.பி.சி சேனலில் வந்த 'ஸ்டார் ட்ரெக்' எபிசோடில், இந்தப் பந்துகள் என்டர்பிரைஸ் விண்கலம் முழுக்கப் பெருகி எல்லோரையும் படுத்தி எடுக்கும். தானியக் கிடங்கின் கதவை கேப்டன் கிர்க் திறந்ததும் அவர் தலையில் மழையாகக் கொட்டும் காட்சிக்கு இன்றைக்கும் சிரிக்காதவர்கள் குறைவு. ஷூட்டிங்குக்காகச் சுமார் 500 ட்ரிபில்களைத் துணியில் தைத்தார்களாம்.

'விண்வெளிக் கதைன்னா சீரியஸா இருக்க வேணாமா?' என்று முகம் சுளித்த ரசிகர்களும் உண்டு. ஆனால், சிரித்தவர்கள்தான் மெஜாரிட்டி. 1968-ல் ஹ்யூகோ விருதுக்கான பட்டியலில் இந்த எபிசோடும் இருந்தது.

இதில் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது பார் சண்டைக் காட்சியை. எதிரிகளான கிளிங்கான்கள் வம்புக்கு இழுக்கிறார்கள். கேப்டன் கிர்க்கைக் கண்டபடி பேசுகிறார்கள். சீஃப் இன்ஜினீயர் ஸ்காட்டி அசரவே இல்லை. துள்ளுகிற ஜூனியரையும் பிடித்து உட்கார வைக்கிறார். அடுத்து, என்டர்பிரைஸ் கப்பலைக் குப்பை வண்டி என்கிறான் ஒருவன். அவ்வளவுதான், விழுந்தது முதல் குத்து! விசாரிக்கும் கேப்டனுக்கு, 'எனக்காக அடிக்கலையா?' என்று முகம் தொங்கிப்போகும். தண்டனை, அறையை விட்டு வெளியே வரக் கூடாது. ஸ்காட்டிக்கு அதிலும் சந்தோஷம்... டெக்னிக்கல் பத்திரிகைகளைப் படிக்க டைம் கிடைத்துவிட்டதே!

அதே எபிசோடில் இன்னொரு காட்சி. இரண்டு கைகளிலும் ட்ரிபில்களை அள்ளிக்கொண்டு வந்து, மெஷினுக்குள் எல்லாம் புகுந்துவிட்டதாக கேப்டனிடம் ரிப்போர்ட் செய்வார் ஸ்காட்டி. அந்த இடத்தில் நிறுத்தி அவருடைய வலது கையை ஜூம் பண்ணிப் பாருங்கள். நடுவிரல் இருக்காது. சீரிஸ் முழுக்க அந்தக் கையை கேமராவுக்குக் காட்டாமல் மறைத்தே நடித்தவர், இங்கே மாட்டிக்கொண்டார்.

அந்த விரல் போனது 1944 ஜூன் 6 அன்று.

ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன், ஸ்காட்லாந்துக்காரரே இல்லை. 1920 மார்ச் 3 அன்று கனடாவின் வான்கூவரில் பிறந்தவர். அப்பா அம்மா அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். நாலு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. அப்பாவுக்குக் குடிப்பழக்கம், அதனால் வீட்டில் நிம்மதி இல்லை. ஒன்டாரியோவின் சார்னியா ஊரில் வளர்ந்தவருக்குக் கணக்கும் அறிவியலும் நன்றாக வந்தன. அப்புறம் இரண்டாம் உலகப்போர். கனடா பீரங்கிப் படையில் சேர்ந்து லெப்டினென்ட் ஆனார்.

நார்மண்டி தரையிறக்கத்தில் கனடா படைக்கு ஒதுக்கப்பட்டது ஜூனோ கடற்கரை. கண்ணிவெடி புதைத்த மணலைத் தாண்டித் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கரையேறினார் டூஹன். அன்றைய பகல் முழுக்க ஜெர்மானியத் தோட்டாக்களுக்குத் தப்பியவர், இரவு பதினொன்றரை மணிவாக்கில் ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து வந்தபோது சுடப்பட்டார். சுட்டது எதிரி இல்லை. காவலுக்கு நின்ற கனடா வீரர் ஒருவர், இருட்டில் பதற்றத்தில் ப்ரென் துப்பாக்கியை இயக்கிவிட்டார். மொத்தம் ஆறு தோட்டாக்கள். நாலு காலில். ஒன்று நடுவிரலில். ஒன்று நேராக நெஞ்சில். அந்த நெஞ்சுத் தோட்டாவைத் தடுத்தது, பாக்கெட்டில் இருந்த ஒரு வெள்ளி சிகரெட் பெட்டி. அண்ணன் கொடுத்த பரிசு!

விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மனுஷன் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. பீரங்கிப் படைக்கு வேவு பார்க்கும் குட்டி விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு தந்திக் கம்பங்களுக்கு நடுவே விமானத்தை நுழைத்து ஓட்டி மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, ரேடியோவில் ஒரு நாடகம் கேட்டார். சகிக்கவில்லை. நாமே இதைவிட நல்லா பண்ணலாமே என்று கிளம்பியவர், நியூயார்க்கின் நெய்பர்ஹுட் ப்ளேஹவுஸ் நடிப்புப் பள்ளியில் ஸ்காலர்ஷிப்போடு போய்ச் சேர்ந்தார். அதன்பின் ஆயிரக்கணக்கான ரேடியோ நிகழ்ச்சிகள். எந்த ஊர்க்காரன் மாதிரியும் பேசுகிற குரல் அங்கேதான் பழகியது.

ஸ்டார் ட்ரெக் ஆடிஷனிலும் குரல்தான் கைகொடுத்தது. பல ஊர் உச்சரிப்புகளில் பேசிக் காட்டியவரிடம், எது பொருந்தும் என்று கேட்டார் சீரிஸை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரி. இன்ஜினீயர் என்றால் ஸ்காட்லாந்துக்காரன்தான் என்றார் டூஹன். பாத்திரத்துக்கு மான்ட்கோமெரி ஸ்காட் என்று பெயர் வைத்தார்கள். மான்ட்கோமெரி அவருடைய தாத்தாவின் பெயர்.

1969-ல் சீரிஸ் நின்றது. டூஹனுக்கு வேலையும் நின்றது. எங்கே போனாலும் 'ஸ்காட்டிக்கு இங்கே ரோல் இல்லை' என்ற கதைதான். சாகும்வரை நீ ஸ்காட்டிதான், அதை ஏத்துக்கோ என்று அவருக்குப் புத்தி சொன்னது அவருடைய பல் டாக்டர்! சினிமா ஏஜென்ட்டைவிட நல்ல ஆலோசனை. ரசிகர் கூட்டங்களுக்கு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். 1979-ல் முதல் படம் வந்தபோது கிளிங்கான் மொழிக்கான முதல் சொற்களின் ஓசையை உருவாக்கியதும் இவர்தான். பாரில் அடித்தவரே அவர்களுக்குப் பேச்சும் கொடுத்தார்.

ரசிகர் கடிதங்களில் ஒன்று, தற்கொலை எண்ணத்தில் இருந்த ஒரு பெண் எழுதியது. டூஹன் உடனே போன் செய்தார். அடுத்து தான் கலந்துகொள்ளும் ரசிகர் கூட்டத்துக்கு வரச்சொன்னார். அவரும் வந்தார். அதற்கடுத்த ஊருக்கும் வரச்சொன்னார். இப்படியே சில வருடங்கள். பிறகு தொடர்பு விட்டுப்போனது. பல வருடம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து வந்த கடிதத்தில் இருந்த செய்தி, எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங்கில் முதுகலைப் பட்டம் முடித்துவிட்டேன் என்பது. இதைக் கேமரா முன் சொல்லும்போது டூஹன் கண் கலங்கினார். தன் வாழ்க்கையில் செய்த ஆகச்சிறந்த காரியமாக அவர் நினைத்தது இதைத்தான்.

ஸ்காட்டியைப் பார்த்து இன்ஜினீயரிங் எடுத்ததாகச் சொன்னவர்கள் ஏராளம். மில்வாக்கி பொறியியல் கல்லூரி அவருக்கு கௌரவப் பட்டமே கொடுத்தது. நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், இவரும் ஒரு இன்ஜினீயர், 2004-ல் டூஹனின் பிரிவு உபசார விழாவுக்கு நேரில் வந்து, அடுத்த பயணத்துக்கு ஸ்காட்டியை இன்ஜினீயராகத் தரும்படி மேடையில் கேட்டார். பொதுவாக மேடை ஏறவே தயங்குபவர் ஆம்ஸ்ட்ராங். அந்தச் சமயத்தில் டூஹனை அல்ஸைமர் நோய் பிடித்திருந்தது.

2005 ஜூலை 20, அப்போலோ 11 நிலவில் இறங்கிய அதே தேதியில், 85 வயதில் இறந்தார். கடைசி மகளுக்கு அப்போது ஐந்து வயதுதான்.

அவருடைய அஸ்தியில் கொஞ்சத்தை 2007-ல் ராக்கெட்டில் அனுப்பினார்கள். மேலே போய்விட்டு மலையில் விழுந்து, தேடிக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனது. 2008-ல் அடுத்த ராக்கெட், கிளம்பிய சில நிமிடங்களில் காலி. ஆனால் அதே 2008-ல், சொந்தப் பணத்தில் விண்வெளிக்குப் போன ரிச்சர்ட் கேரியட் என்ற வீடியோ கேம் டிசைனர், டூஹனின் மகன் கேட்டுக்கொண்டபடி, அஸ்தி வைத்து லேமினேட் செய்த ஒரு போட்டோவை யாருக்கும் தெரியாமல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனார். கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தின் தரைக்கு அடியில் செருகிவிட்டு வந்தார். பர்மிஷன் வாங்காததால் குடும்பமும் வாயைத் திறக்கவில்லை. விஷயம் வெளியே வந்தது 2020 டிசம்பரில்தான்.