சொல் தேடிய வைத்தியர்: சாமுவேல் கிறீன்

மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். ஆனால், அந்தப் பெயருக்குரியவர் மருந்து கொடுத்ததோடு நில்லாமல், இரசாயன சாஸ்திரத்துக்கும் தமிழில் பெயரிட முயன்றவர் என்பதை அறிந்தவர் சிலரே.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் கற்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 தொடக்கம் மானிப்பாயிலும் பணிபுரிந்தார். தாமே நோயாளரைப் பார்த்ததுடன், நம்மவர் பிள்ளைகளையும் வைத்தியராக்கப் பயிற்றினார்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே படிப்பித்தார். நாட் செல்லச் செல்ல ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஆங்கிலத்தில் கற்றவன் உத்தியோகம் நாடிப் பட்டினம் போவான். கிராமத்து நோயாளி பழையபடி கைவிடப்படுவான். தாய்மொழியில் கற்றவனே ஊரோடு தங்கி, நோயாளிக்கு விளங்கும் சொல்லில் பேசுவான். எனவே 1864இல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாசலாக இருந்த காலத்தில் இது எளிய துணிவன்று.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். இதற்கு அவர் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுவது. அது இல்லாவிடின் வடமொழியை நாடுவது. அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதுவது. இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்ற நூல்கள் இவ்வாறே உருவாகின. மாணவர்களின் உதவியுடன் அவர் ஆக்கியளித்தவை நாலாயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்டவை.

இவற்றுள் இரசாயன நூல் 1875இல் நாகர்கோவிலில் அச்சேறியது. அதன் பெயர் கெமிஸ்தம். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி பூட்டிய பெயர் அது.

இரசாயனத்தில் பெயரிடுதல் ஏன் இத்தனை பெரிய காரியம்? ஓர் உதாரணம் பார்ப்போம். கிறீன் இங்கு வருவதற்கு முந்திய ஆண்டு, 1846இல், அவருடைய சொந்த மாநிலத்துப் பொஸ்ரன் நகரில் நோயாளிக்கு ஈதர் ஆவியை முகரச் செய்து, நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்து காட்டினர். அந்த ஈதரின் ஒரு மூலக்கூறில் நான்கு காபன், பத்து ஐதரசன், ஓர் ஒட்சிசன் அணுக்கள் உண்டு. பியூற்றனோல் என்னும் அற்ககோலிலும் அதே அணுக்கள், அதே தொகை. ஆயினும் ஈதர் ஏறக்குறைய 35 பாகை செல்சியசில் கொதிக்கும். பியூற்றனோலோ ஏறக்குறைய 118 பாகையில்தான் கொதிக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது.

காரணம் அணுக்களின் தொகையல்ல, அவை இணைந்த ஒழுங்கு. ஈதரில் ஒட்சிசன் இரு காபன்களுக்கு நடுவே பாலமாக நிற்கும். அற்ககோலில் ஒருபுறம் காபனையும் மறுபுறம் ஐதரசனையும் பற்றி நிற்கும். ஒரே எழுத்துக்கள் இடம் மாறினால் ‘கலை’ ‘லைக’ ஆகிப் பொருள் கெடுவதுபோல, அணுக்கள் இடம் மாறினால் பொருளே வேறாகிவிடும். இத்தகைய சேர்வைகளையே சமபகுதியங்கள் என்கிறோம். எண்ணிக்கையை மட்டும் சொல்லும் சூத்திரம் இங்கு போதாது; அமைப்பைச் சொல்லும் பெயர் வேண்டும். சேதனச் சேர்வைகளுக்கு அத்தகைய பெயரிடும் விதிகளை அறிஞர் 1892இல் ஜெனீவாவில் கூடி வகுத்தனர். கிறீன் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின் நிகழ்ந்தது அது.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல்களைத் திருத்தி அனுப்பியபடியே 1884இல் காலமானார். தமிழருக்கு வைத்தியராக இருந்தவர் என்ற செய்தி தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பதே அவர் விருப்பம். அவருக்குப் பின் வைத்தியக் கல்வி ஆங்கிலத்துக்கே திரும்பியது. எனினும் அவர் போட்ட வித்து வீண்போகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் இரசாயனத்தைத் தமிழிலேயே கற்கின்றனர்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை நீண்ட இரசாயனப் பெயர்களை மனனம் செய்து அல்லலுறக் கண்டால், அந்தப் பெயரை ஒரு படமாக வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை காபன், எந்த இடத்தில் கிளை, எங்கே ஒட்சிசன் என்று பெயரே வழிகாட்டும். விளங்கிக்கொண்ட சொல் மறவாது. சரியான சொல்லுக்காக ஓர் அந்நியர் நம் மொழியில் இத்தனை ஆண்டுகள் உழைத்தார். அந்த மொழியில் பிறந்த நாம் விளங்காமல் ஒப்புவிப்பதோடு நின்றுவிடலாமா?