தொரப்பள்ளி தந்த தலைவர்

கல்லூரியில் வெற்றி பெறத் தலைமைப் பண்பு வேண்டும் என்கிறார்கள். மன்றத்தில் செயலாளராக வேண்டும், மேடையில் முழங்க வேண்டும், நாலு பேர் பின்னால் வரவேண்டும். இவை இல்லாதவன் படித்தும் பயனில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். மேடை ஏறக் கூசும் மாணவன் இதைக் கேட்டு உள்ளம் குன்றிப் போகிறான். அவன் பொருட்டு, நம் பெங்களூரில் படித்துச் சென்ற ஒருவரின் வாழ்வை நினைவுகூர்வோம்.

அவர்தாம் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் முன்சீப். பிள்ளையோ நோஞ்சான், பிழைத்து வளர்வானா என்று பெற்றோர் அஞ்சிய நாட்கள் உண்டு. தொரப்பள்ளியிலும் ஓசூரிலும் படித்து, 1891இல் மெட்ரிகுலேஷன் தேறிப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் சேர்ந்தார்.

இன்று ஜோகுபாளையத்து மாணவர் அல்சூரில் மெட்ரோ ஏறினால் சில நிமிடங்களில் அக்கல்லூரியின் அருகே இறங்கிவிடலாம். அன்று அங்கே வந்து சேர்ந்தவர் பதின்மூன்று வயதை ஒட்டிய ஒல்லியான சிறுவர். மூத்தவர்கள் நிறைந்த வகுப்பில் அந்தப் பாலகர் யாருக்குத் தலைமை தாங்க முடியும்? படித்தார், 1894இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்று 1897இல் தேறினார். ஆரவாரமற்ற மாணவப் பருவம் அது.

1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். கட்டு முழுவதையும் படித்தறிவது, எதிராளியின் வாதத்தை அவனினும் நன்றாக உணர்வது, சொல்வதைச் சுருங்கச் சொல்வது - இம்மூன்றும் அத்தொழிலுக்கு உயிர். மூன்றும் மாணவன் மேசையில் கற்பவை. மேடையில் கற்பவை அல்ல. 1911இல் நகராட்சி உறுப்பினரானார். 1917இல் அதன் தலைவரானார். சட்டம் படித்துத் தேறி இருபது ஆண்டுகள் கழித்தே தலைமை நாற்காலி அவரை நாடி வந்தது!

அவரது தலைமையின் தன்மையை 1930ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி உப்பு எடுக்கப் புறப்பட்டார். உடன் நடந்த தொண்டர்கள் ஏறத்தாழ நூறு பேர். வழி ஏறத்தாழ 150 மைல். தஞ்சை கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று ஆணையிட்டார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றார்கள்! ஏப்ரல் 28இல் படை வேதாரண்யம் சேர்ந்தது. அதை நடத்திச் சென்றவர் இடிமுழக்கப் பேச்சாளர் அல்லர். ஆளைத் தேர்ந்தெடுத்தார், ஒழுங்கு காத்தார், தாமும் உடன் நடந்தார். ஐம்பதைத் தாண்டிய அந்த மெலிந்த உடல்தான், ஒரு காலத்தில் பிழைக்குமா என்று பெற்றோரை அஞ்ச வைத்தது.

தனித்து நிற்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1942இல் நாடே வெள்ளையனே வெளியேறு என்று முழங்கியபோது, அது தக்க வழி அன்று என்று கருதினார். அவ்வாண்டில் காங்கிரசை விட்டும் விலகினார். ஏச்சையும் பேச்சையும் தாங்கினார். அதே மனிதர்தான் 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக அமர்ந்தார்.

புகழ் மட்டும் பாடினால் இந்த வரலாறு பாதிதான். முதலமைச்சராயிருந்து 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழகம் கொதித்தெழுந்தது, தாலமுத்துவும் நடராசனும் சிறைப்பட்டு உயிர் நீத்தனர். 1940இல் அந்தக் கட்டாயம் விலக்கப்பட்டது. 1953இல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று அதை நாடு வெறுத்தது. 1954இல் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அறிவுக்குக் குறைவில்லை, துணிவுக்குக் குறைவில்லை. கேட்கும் செவி குறைந்தது. எந்தப் பிள்ளைகளுக்காகத் திட்டமோ, அவர்தம் பெற்றோரின் மனத்தை அறியாத தலைமை வீழ்ந்தது. ஆயினும் இந்தி பற்றிய கருத்தை அவரே பின்னாளில் மாற்றிக்கொண்டு, இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் மறைந்தார்.

தோழர்களே! கல்லூரியில் தலைமைப் பண்பு தேவையா என்று கேட்டால், தேவைதான். ஆனால் அது பதவி அன்று. ஒப்புக்கொண்ட வேலையை முடிப்பது, மாற்றான் சொல்வதை முழுதும் கேட்பது, சரியெனக் கண்டதில் தனியே நிற்பது, தவறெனக் கண்டால் மாறுவது - இவைதாம் அதன் வேர்கள். தேர்தலில் வென்றவருக்கும் இவை வேண்டும். மன்றத்தின் கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருப்பவருக்கும் வேண்டும். அவ்வரிசையில் இருப்பவர் கவலற்க. வேர் பிடிக்கட்டும், கிளை தானே விரியும்.