கொட்ட வேண்டிய கறுப்பு மண்டி!

லண்டன் நகரில் 1838-ம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் ஹென்றி பெர்க்கின்.

தந்தை வீடு கட்டும் தொழில் செய்தவர். மகனும் கட்டிடக் கலை கற்க வேண்டும் என்று விரும்பினார். மகனுக்கோ ரசாயனத்தின் மீது மோகம். கடைசியில் தந்தை இணங்கினார். 15-வது வயதில் பெர்க்கின் ரசாயனக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசிரியர், ஹாப்மன் என்ற ஜெர்மானிய அறிஞர்.

அந்தக் காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்து கொயினா. அது மரப்பட்டையில் இருந்துதான் கிடைத்தது. அதைச் சோதனைச்சாலையில் செய்ய முடியுமா என்று ஹாப்மன் யோசித்து வந்தார்.

1856-ம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை. பெர்க்கினுக்கு வயது 18. வீட்டிலேயே கொயினா செய்ய முயன்றார். நிலக்கரித் தாரில் இருந்து எடுத்த பொருளை வைத்துச் சோதனை செய்தார். கொயினா வரவில்லை. கறுப்பு மண்டிதான் மிஞ்சியது!

வேறொருவர் அதைக் கொட்டியிருப்பார். பெர்க்கின் கொட்டவில்லை. ஸ்பிரிட்டில் கரைத்தார். அழகிய ஊதா நிறம் தோன்றியது. அதில் பட்டுத் துணியை நனைத்தார். துவைத்தும் சாயம் போகவில்லை!

அதுவரை சாயங்கள் பெரும்பாலும் செடிகளில் இருந்தும் பூச்சிகளில் இருந்தும் எடுக்கப்பட்டன. சோதனைச்சாலையில் பிறந்த இந்தச் சாயத்தை விற்கலாம் என்று பெர்க்கின் எண்ணினார். படிப்பை விட வேண்டாம் என்று ஹாப்மன் தடுத்தார். ஆனால் அன்று ரசாயனம் வேண்டாம் என்ற தந்தை, தம் சேமிப்பில் பெரும் பகுதியை எடுத்துக் கொடுத்தார். அண்ணனும் துணை நின்றார். 1857-ல் தொழிற்சாலை எழுந்தது.

மறு ஆண்டே விக்டோரியா மகாராணி, மகளின் திருமணத்துக்கு ஊதா நிற உடை அணிந்து வந்தார். ஊதா மோகம் ஊரெங்கும் பரவியது. தந்தை போட்ட பணம் வீண் போகவில்லை.

36-வது வயதில் பெர்க்கின் தொழிற்சாலையை விற்றார். மீண்டும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1906-ல் 'சர்' பட்டம் பெற்றார். மறு ஆண்டு காலமானார்.